அராக்சியின் கம்பித் தட்டு

"நாப்பதாயிரம் டாலர்," என்றார் பழம்பொருள் வாங்கி விற்கும் புரூயிட் காதோரமாக. வாஹன் அப்போது அம்மாவின் சவப்பெட்டிமேல் பூப்போடக் குனிந்திருந்தான்.

"அம்பது," என்றது அவன் வாய். கையிலிருந்த பூ அதற்குப் பிறகுதான் விழுந்தது.

வாட்டர்டவுனில் அப்பா காலத்திலிருந்து கம்பளக் கடை. விலை காதில் விழுந்தால் வாய் தானாகத் திறந்துவிடும். கடைக்கு மூன்று மாத வாடகை பாக்கி நிற்பதும் அந்த வாய்க்குத் தெரியும்.

பேரம் அம்மாவின் தட்டுக்கு. அராக்சி போயாஜியன், சந்திரனுக்குப் போன கப்பலின் கணினிக்கு நிரல் எழுதியவள். அவள் தாளில் எழுதித் தந்ததைத் தொழிற்சாலைப் பெண்கள் குட்டி வளையங்களில் செப்புக் கம்பி கோத்து நெய்வார்கள். கம்பி வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். அப்படி நெய்த தட்டொன்று சமையலறையில் ரொட்டி சுடும் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. கப்பல் திரும்பிக் கடலில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அம்மா தொலைபேசியில் யாரிடமோ, "மூணு பேர் போனாங்க, மூணு பேர் வந்தாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போவாள்.

மாதாகோவில் கூடத்தில் துக்கச் சாப்பாடு. அம்மா படத்துக்குப் பக்கத்தில் அந்தத் தட்டு. புரூயிட் பிலாஃப் சோற்றைத் தொடவேயில்லை.

"நாப்பத்தஞ்சு. கையோட செக்கு."

வாஹன் தட்டைத் திருப்பி முதுகைப் பார்த்தான். கம்பளத்துக்குச் செய்கிற பழக்கம். ஒரு பிசிறு இல்லை.

"அது நான் நெய்தது," என்றாள் கைத்தடியோடு வந்த லொரெட்டா டெடெஸ்கோ, வருஷம் தவறாமல் அம்மாவோடு சண்டை போட வரும் பழைய தோழி. "கழிச்சுக்கட்டின தட்டு. பறக்கவே இல்ல."

புரூயிட் முகம் சுருங்கியது. "நெசவுல தப்பா?"

"வாயக் கழுவுய்யா. என் கையில தப்பா? தப்பு இவ தாள்ல." படத்தைக் கைத்தடியால் காட்டினாள். "எட்டு வாரம் நெய்து முடிச்சாச்சு. பெரிய மனுஷங்க எல்லாம் கையெழுத்துப் போட்டாச்சு. ஒருத்தன் கண்ணுக்கும் படல. இவளே கண்டுபிடிச்சு, இவளே வந்து நிக்கறா, எங்க நாப்பது பேர் முன்னாடி. 'உங்க வேலை சுத்தம், நான்தான் ஒரு எண்ணைத் தப்பா எழுதிட்டேன்'ங்கறா. நான் அன்னிக்கு வெச்ச வசவைக் கேக்காத, தம்பி."

"அந்த எண்ணோட போயிருந்தா?"

"நானும் கேட்டேன். சந்திரனுக்கு ஒழுங்காப் போய்ச் சேந்திருப்பாங்களாம்." ஒரு வாய் பிலாஃப் போட்டு மென்றாள். "போறதுல ஒண்ணும் குறையில்லையாம்."

வாஹன் தட்டை மறுபடி நேராகத் திருப்பினான்.

தட்டு நிறைய வளையங்கள். எதிலோ ஒன்றில், உள்ளே போக வேண்டிய கம்பி வெளியே போயிருந்தது. அந்த இடுக்கில் பூமிக்குத் திரும்பும் வழி அடைபட்டிருந்தது. அதன் பக்கத்தில்தான் அம்மா தினமும் ரொட்டி சுட்டிருக்கிறாள்.

"கழிவுன்னா எட்டாயிரம் தரலாம்," என்றார் புரூயிட்.

"விக்கறதுக்கில்லீங்க," என்றது வாஹனின் வாய். அதற்கு இந்தச் சொல் புதிது.

சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் கடை அட்டை ஒன்றை எடுத்தான். விலை எழுதும் இடத்தில் பென்சிலால் எழுதி, நூலைத் தட்டில் முடிந்தான்.

போனது மூன்று. வந்தது மூன்று.