குமரகுருவின் குளியல் நாள்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் தென்காசிப் பேருந்து நிலையத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவர். இலத்தூர்ப் பக்கம் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் வேலை என்றார். முன்கையில் பல் பதிந்த தடம். கேட்டேன். "கட்டும்போது கடிச்சிட்டான். அவன் மேல தப்பில்ல" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. மீதியெல்லாம் என் கற்பனை.

2

தொடக்கம்: 'மலையிலிருந்து சாரல் இறங்கி—'

வேண்டாம். குற்றாலம் என்றாலே கை தானாகச் சாரலை எழுதிவிடுகிறது. சலித்துப்போயிற்று.

மறுபடியும்: பூட்டிய வார்டின் அட்டெண்டர் லிங்கேஸ்வரன், பழைய வேட்டியை நீளநீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தார். நோயாளிகளைக் கட்டிவைக்கும் ஆஸ்பத்திரி பெல்ட் தோலை உரித்துவிடும். பருத்தித் துணி உரிக்காது. [இவரை நல்லவராக்கப் பார்க்கிறேனோ? கிழிப்பது கட்டுவதற்குத்தானே.] அவருக்கு இடுப்பு வலி. கூட இருக்க வேண்டிய ஆள் இன்றும் லீவு.

3

வாரம் ஒருமுறை தலைக்குளியல். மற்ற நாளெல்லாம் சாதுவாக இருக்கும் நோயாளி குமரகுரு அன்று மட்டும் ஆளையே அடிப்பான். அதனால் முதலில் கட்டிலோடு சேர்த்துக் கட்டுவார்கள், பிறகுதான் தண்ணீர். கட்டியதும் இன்னும் திமிறுவான். இன்னும் இறுக்குவார்கள்.*

(* ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம் என்கிறது சட்டம். அதை எழுதியவர்களுக்கு ஒத்தாசைக்கு ஓர் ஆள் இருந்திருப்பார்.)

அன்று அவனுடைய அக்கா வேல்விழி பார்க்க வந்திருந்தாள்.

"குளிக்கதுக்கு இங்கனயும் மல்லுக்கு நிக்கானா அண்ணாச்சி?"

"ஆமாம்மா. கட்டித்தான் குளிப்பாட்டுதோம்."

"நாங்களும் அப்பிடித்தான். ஐந்தருவில கம்பியோட சேத்துக் கட்டி நிப்பாட்டிருவோம். தலையில தண்ணி விழ விழப் புத்தி தெளியும்னாங்க. மூச்சு முட்டிக் கத்துவான். நோய்தான் கத்துதுன்னு அப்பா அவுக்கவே விடமாட்டாரு."

சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். லிங்கேஸ்வரன் கிழித்துவைத்த துணிகளைப் பார்த்தார். அடங்கட்டும் என்று இவர்கள் கட்டினார்கள். அவனுக்கோ கட்டு என்றால் அடுத்தது அருவி. வெட்கமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது. ஒற்றை ஆளாக, கட்டாமல் எப்படி?

4

முடிவு ஒன்று: அவர் துணிகளை வீசி எறிந்தார். குமரகுரு அவர் தோளில் சாய்ந்து— பொய். உங்களுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

முடிவு இரண்டு: வழக்கம்போல் கட்டினார். இதுதான் நடந்திருக்கும். எழுதக் கை வரவில்லை.

முடிவு மூன்று: கட்டாமல், ஈரத்துண்டால் துடைக்கப் போனார். குமரகுரு மிரண்டு தள்ளியதில் பக்கத்துக் கட்டில் தங்கசாமி கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இதுவும் நடக்கக்கூடியதுதான். அப்போது தங்கசாமிக்கு யார் பதில் சொல்வது?

மூன்றையும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

5

மிஞ்சியது இவ்வளவுதான். லிங்கேஸ்வரன் வெறுங்கையோடு உள்ளே வருகிறார். அது குமரகுருவின் கண்ணில் படவே இல்லை. குளியல் நாள் என்பது மட்டும் தெரியும். தானாகவே இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டுகிறான்.

"தெளிஞ்சிட்டு அண்ணாச்சி. சத்தியமா தெளிஞ்சிட்டு. தண்ணி மட்டும் விட்ராதீய."

எனக்கு இதற்குமேல் முடியவில்லை. நான் வெளியே போய்க் கதவைப் பூட்டிவிடுகிறேன். நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். அவன் இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறான்.