ஓட்டை விழாத வண்டி

மனித குலம் இதுவரை செய்த தவறுகளில் மிகப் பெரியது, பழைய காரில் புதிய பாகம் மாட்டியதுதான். போர்களை இரண்டாவது இடத்தில் வைக்கலாம். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இதே கருத்தில் எங்கள் கல்லூரி இதழுக்கு ஒன்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் குழு அதை அரைப் பக்கமாக்கி, மீதி இடத்தில் ரத்த தான முகாம் அறிவிப்பைப் போட்டது. மூன்றாவது பெரிய தவறு எதுவென்று அன்று எனக்குத் தெரிந்தது.

கார் அம்மாவுடையது. பதினோரு வருஷம் அதை ஓட்டி வேலைக்குப் போனாள். பிறகு அது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில், கால் உடைந்த கட்டிலுக்கும் பழைய வாஷிங் மெஷினுக்கும் நடுவில், தார்ப்பாய்க்குள் பதினான்கு வருஷம் நின்றது. போன வருஷம் அக்காவும் நானும் அதை எழுப்ப ஆரம்பித்தோம். இன்ஜின், பிரேக், வயரிங் எல்லாம் அக்கா பார்த்துக்கொண்டாள். கொள்கையை நான் பார்த்துக்கொண்டேன். பாலிஷும் போட்டேன்.

அக்கா ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், திருப்பத்தில் ஒரு வேன் அவள் ஸ்கூட்டரில் மோதி இடது முட்டி நொறுங்கியது. தகடு வைத்து ஸ்க்ரூ போட்டு ஒட்டவைத்தார்கள். நடப்பாள், படி ஏறுவாள், ஆனால் அந்தக் காலால் எதையும் அழுத்தி மிதிக்க முடியாது. எங்கள் காரின் கிளட்சோ காலால் மிதிக்கிற சாமானே இல்லை, முதுகெலும்பால் மிதிக்கிற சாமான்.

அதனால் தினமும் காலையில் என் பைக்கில்தான் அவளைக் கொண்டுபோய் விடுவேன். லேப் ஒன்பது மணிக்குத் திறக்கும். எனக்கு எட்டரைக்கு வகுப்பு. எட்டு மணிக்கே இறக்கிவிட்டுப் போய்விடுவேன். மூடிக் கிடக்கும் ஷட்டருக்கு முன்னால், படியில் காலை நீட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். இரண்டு வருஷமாக.

இப்போது லேபை விடிகாலை ஆறு மணிக்கே திறக்கப் போகிறார்கள். அந்த ஷிப்டின் பொறுப்பையும் சாவியையும் அக்காவிடம் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து வரும் திங்கட்கிழமை ஆரம்பம். அந்த நேரத்தில் நான் எழுந்ததாக வரலாறு இல்லை. "கார் ரெடியாயிடும் சார், நானே வந்துடுவேன்" என்று அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

காரை அவள் எப்படி ஓட்டப்போகிறாள் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. ஒரு மோட்டார், ஒரு கறுப்புப் பெட்டி, பட்டன் வைத்த கியர் பிடி.

"என்னக்கா இது?"

"கிளட்ச் மோட்டார். இந்த பட்டனைத் தொட்டா அதுவே மிதிச்சுக்கும்."

"அதுவே மிதிச்சா அப்புறம் நீ எதுக்கு?"

"ஸ்டியரிங் பிடிக்க. உன்னை மாதிரி ஆளு குறுக்க வந்தா ஹார்ன் அடிக்க."

"கம்ப்யூட்டர் வெச்சா அது கார் இல்லக்கா. சக்கரம் வெச்ச செல்போன்."

"சரி, சார்ஜரை அப்புறம் தேடலாம். இப்ப அந்த ட்ரில்லிங் மெஷினை எடு. தகட்டுல ரெண்டு ஓட்டை போடணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்ஜினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு அது. தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் முதல் ஒரு கீறல் இல்லை. நான் உள்ளே பாய்ந்து அதன்மேல் முதுகை வைத்து மறைத்துக்கொண்டேன்.

"ஓட்டையா? இது கொலை! பழைய வண்டியில ஓட்டை போடறவனை எல்லாம் உள்ள தூக்கிப் போடணும். ஒரு ஓட்டை விழுந்துதுன்னா நான் இந்த வீட்டை விட்டே போயிடுவேன்."

"போடா," என்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா குரல் கொடுத்தாள். "அந்த ரூம்ல அயர்ன் டேபிளைப் போட்டுக்கலாம்."

அக்கா கையிலிருந்த ஸ்பேனரைப் பெட்டிக்குள் வீசினாள். "என் முட்டிக்குள்ள எட்டு ஸ்க்ரூ இருக்கு. எலும்புல எட்டு ஓட்டை போட்டுத்தான் மாட்டினாங்க. அதுவும் ஒரிஜினல் எலும்புதான். கழட்டிடவா?"

"அது வேற," என்றேன். பேச்சுப் போட்டிகளில் மூன்று கோப்பை வாங்கியவன் நான்.

அவள் ஓட்டை போடவில்லை. இரும்புப் பட்டையை வளைத்து, தகட்டின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு கிளாம்ப் செய்தாள். கவிழ்த்து வைத்த பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து, இடது காலை நீட்டிக்கொண்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை அரம் போட்டுத் தேய்த்தாள். மோட்டார் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. பட்டனைத் தொட்டால் பெடல் தானாகக் கீழே போய் மேலே வந்தது. அக்கா ஷெட்டைவிட்டு வெளியே ஓட்டி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் சத்தம் போட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். என் கோபம் அதனால் குறையவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

ஏனென்றால் பழங்கார் சங்கத்துக்கு நான் ஏற்கெனவே விண்ணப்பம் போட்டிருந்தேன். ஒரு பாகம்கூட மாறாத வண்டிக்கு அவர்கள் சான்றிதழ் தருகிறார்கள். பரிசோதகர் அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார். அக்கா சனிக்கிழமை இரண்டு மணிக்குத்தான் வருவாள். நடுவில் நான்கு மணி நேரம். கழற்றி, காட்டி, மறுபடி மாட்டிவிடலாம். திட்டத்தில் குறையே இல்லை.

குறை போல்ட்டில் இருந்தது. கிளாம்பில் அவள் போட்டிருந்தது நட்சத்திரத் தலை வைத்த புதுமாதிரி போல்ட். அதற்கான ஸ்பேனர் எது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகினேன், தலை வழுக்கியது. மணி ஒன்பதே முக்கால். உளியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி நாலு போடு போட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு துண்டாகக் கீழே விழுந்தது. கியரில் பழைய பிடியை மாட்டிவிட்டு, மோட்டார், கறுப்புப் பெட்டி, பட்டன் பிடி எல்லாவற்றையும் ஒரு வாளிக்குள் போட்டு, மேலே துணியைப் போர்த்தினேன்.

பரிசோதகர் பதினொன்றரைக்கு வந்தார், ஆட்டோமேடிக் கியர் வைத்த புத்தம் புதுக் காரில். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் குனிந்து பார்த்து, "ம்" என்றார். இருநூறு ஸ்க்ரூவுக்கு இருநூறு "ம்". கால் வைக்கும் இடத்துக்கு வந்ததும் தகட்டைத் தடவிக்கொடுத்தார்.

"ஓட்டையே இல்ல தம்பி! இதுல ஒரு ஓட்டை விழுந்தாலும் சான்றிதழ் செல்லாது, தெரியுமா?"

"கொலை சார் அது," என்றேன்.

"ஆமா, கொலைதான்," என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக என்னை ஒருவர் புரிந்துகொண்டார்.

நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. வைப்பர் ரப்பர் புதுசு என்று மூன்று போய்விட்டது. அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கேட் திறந்தது. இரண்டு மணி ஆகிவிட்டிருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். கார் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கியர் பிடியில் பட்டன் இல்லை. குனிந்து கீழே பார்த்தாள். பிறகு இடது காலைத் தூக்கிக் கிளட்சில் வைத்து மிதித்தாள்.

பெடல் கால்வாசி போய் நின்றது. இரண்டு கையாலும் முட்டிக்கு மேலே பிடித்து அழுத்தி மறுபடி மிதித்தாள். அரைவாசி. கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வேர்த்தது. மூன்றாவது முறை கால் பெடலிலிருந்து வழுக்கி விழுந்தது.

"பாப்பாவுக்கு ஓட்டிப் பழக்கம் இல்லையோ?" என்றார் பரிசோதகர்.

"கிளம்புங்க சார்," என்றாள் அக்கா. அவர் பூதக்கண்ணாடியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு உடனே கிளம்பினார்.

"மோட்டார் எங்க?" என்றாள்.

வாளியைக் காட்டினேன். துணியை எடுத்தாள். கிளாம்பின் இரண்டு துண்டையும் கையில் எடுத்துச் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"போல்ட்டைத் திருகத் தெரியாதவனுக்கு என்னடா ஒரிஜினல்?"

"அக்கா, ஒரு நாளைக்குத்தான்னு..."

"வாயைத் திறக்காத. அந்தப் படியில ஒரு மணி நேரம் உக்காந்திருக்கியா நீ? ஒரு நாள்? பால்காரர்ல இருந்து பேப்பர்காரர் வரைக்கும் 'என்னம்மா, இன்னும் திறக்கலையா'ம்பாங்க. ரெண்டு வருஷம் பதில் சொல்லியிருக்கேன். திங்கக்கிழமை நான் போய்த் திறக்கணும்டா. நான் திறக்கணும். இந்தக் காகிதம் என்னைக் கொண்டுபோய் விடுமா?"

"நான் கொண்டுவந்து விடறேன். அஞ்சு மணிக்கே எழுந்து..."

"வேணாம்! உன் வண்டியில இனிமே நான் ஏற மாட்டேன்."

கிளாம்ப் துண்டுகளை வாளியில் எறிந்தாள். வாளி உருண்டு கட்டிலடியில் போய் நின்றது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் போனில் பேசுவது கேட்டது. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார். முடியலன்னா சாவியை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

அம்மா ஷெட் வாசலில் நின்றாள். சான்றிதழை வாங்கிப் படித்தாள். எல்லா வரியும்.

"பதினோரு வருஷம் அந்தக் கிளட்சை மிதிச்சேன்," என்றாள். "மிதிச்சு மிதிச்சு ஒரு தொடை பெருத்து, டெய்லர்கிட்ட மானம் போச்சு. ஒரு நாளாவது, ஐயோ இது ஒரிஜினலா இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன்னு நினைக்கிறியா? மோட்டார் அப்ப கிடைச்சிருந்தா முத ஆளா நான்தான் மாட்டியிருப்பேன்." காகிதத்தை என் சட்டைப் பையில் சொருகினாள். "பத்திரம். மடங்கிடப் போகுது."

மறுநாள் காலை சாப்பிட யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. எனக்கு எல்லார் மேலும் கோபமாக இருந்தது. சங்கத்தின் மேல், நட்சத்திரத் தலை போல்ட்டைக் கண்டுபிடித்தவன் மேல், என் கையெழுத்தில் என் பெயர் இருக்கும் அந்த விண்ணப்பத்தின் மேல். ஷெட்டில் போய் உட்கார்ந்து இன்னொரு கிளாம்ப் செய்யப் பார்த்தேன். பட்டை வளையவில்லை, என் விரல்தான் கிழிந்தது. மோட்டாரோடு வந்த சிறு புத்தகத்தைப் பிரித்தேன். பொருத்துவதற்கு ஒரே படம்தான் இருந்தது.

காருக்குள் தலைகீழாகப் படுத்து, மோட்டாரைத் தகட்டில் வைத்துப் பார்த்து, பென்சிலால் இரண்டு புள்ளி வைத்தேன். ட்ரில்லிங் மெஷினைச் செருகினேன். நல்ல இரும்பு, லேசில் விடவில்லை. சூடான துகள் கன்னத்தில் விழுந்து சுட்டது.

"என்னடா சத்தம்?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

அக்காவின் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. காலடி ஷெட் வாசல் வரை வந்து நின்றது. நான் தலையைத் திருப்பவில்லை. போல்ட்டை முதல் ஓட்டையில் நுழைத்து, ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு, மெஷினை இரண்டாவது புள்ளியில் வைத்து அழுத்தினேன்.