மாதாவுக்கு ஒரு துண்டு ரொட்டி

சூசையப்பர் திருநாள். வீடு கொள்ளாத கூட்டம். கன்சீல்யாவின் கண் மட்டும் கணவன் ஓரோன்ஸோவின் சட்டைப் பையை விட்டு அகலவில்லை. கைபேசி அதற்குள்தான் இருந்தது. பதினொரு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொன்ன டாக்டரம்மாவை மணி பதினொன்றரை ஆகியும் காணோம்.

அவள் உடம்பு தேற வேண்டும் என்று ஓரோன்ஸோ நேர்ந்துகொண்டு போட்ட விருந்து மேசை அன்று. ஐந்து கிலோ வளைய ரொட்டிகள், கொண்டைக்கடலை போட்ட மாவுப்பட்டை, பொரித்த மீன், தேன் ஊற்றிய பலகாரம். சூசையப்பராக ஓரோன்ஸோ உட்கார வேண்டும், மாதாவாகக் கன்சீல்யா. மாதா எல்லாவற்றிலும் ஒரு வாயாவது சாப்பிட்டாக வேண்டும். ரொட்டியை ஒதுக்கினால் நேர்த்தி செல்லாது.

அவளுக்கோ ஐந்து மாதமாக ரொட்டி கூடாது. கூடாது என்றது டாக்டரம்மா அல்ல, நாத்தனார் இம்மகோலாத்தா.

அக்டோபரில் வயிறு எரிந்து, ரத்தம் குறைந்து, வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடல் சுவரில் வெள்ளணுக்கள் கூடியிருந்தன. கோதுமையே ஆகாத சீலியாக் நோயின் தொடக்கமாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் ரத்தப் பரிசோதனை அப்படிச் சொல்லவில்லை. தவிர, இரைப்பையில் ஒரு கிருமி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"இந்தக் கிருமியே குடல்லயும் இப்படிக் காட்டும். முதல்ல இதை ஒழிப்போம். அதுவரைக்கும் ரொட்டியை விட்டுடாதீங்க. விட்டா மறுபடி பாக்கறப்ப ஒண்ணும் புரியாது" என்றார்.

கூடப் போயிருந்த இம்மகோலாத்தா 'சீலியாக்' வரைக்கும்தான் கேட்டாள். எங்கள் ஊரில் பாசம் என்றால் அடுத்தவர் தட்டைக் காவல் காப்பது. அன்று மாலையே சட்டி பானையெல்லாம் மாறின. இருபது வருடம் ரொட்டி சுட்ட சொந்த அடுப்பங்கடைக்குள்ளேயே கன்சீல்யா கால் வைக்கக்கூடாது என்றாகிவிட்டது. எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். ஓரோன்ஸோ பயந்தாங்கொள்ளி, அக்கா பக்கம் சாய்ந்துவிட்டான். மாத்திரையில் கிருமி ஒழிந்ததா, குடல் தேறியதா என்று போன வாரம் மறுபடியும் குழாய் விட்டார்கள். அதன் முடிவுதான் இன்று வர வேண்டும்.

இம்மகோலாத்தா தோளில் மாதாவின் நீலச் சால்வையை மடித்துப் போட்டிருந்தாள்.

"எதுக்கும் மாதாவா உக்கார நான் தயாரா இருக்கேன்டி. நீ கவலைப்படாதே."

"அதான் காலையிலேயே தலை சீவி பவுடர் போட்டுட்டீங்களா அண்ணி?"

கைபேசி அலறியது. ஓரோன்ஸோ அதை எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"கிருமி போயிடுச்சு! குடலும் சுத்தமா இருக்கு. எனக்கே சந்தோஷமா இருக்கு" என்றார் டாக்டரம்மா.

வீடே கத்தியது. ஓரோன்ஸோ கையிலிருந்த சூசையப்பர் கோலைத் தூக்கிக்கொண்டு குதித்தான்.

"இருங்க, ஒரே ஒரு கேள்வி. கோதுமை தினமும் சாப்பிட்டீங்கல்ல?"

ஓரோன்ஸோ கோலைக் கீழே இறக்கினான்.

"ஒரு துணுக்குகூட வாயில வைக்க விடலையே டாக்டரம்மா! நான் காவல் இருந்தேன்" என்றாள் இம்மகோலாத்தா பெருமையாக.

"அடடா. கோதுமையை நிறுத்தினா சீலியாக் இருந்தாலும் குடல் ஆறிடுமே. அப்ப இதை நம்ப முடியாது. முதல்லேருந்து பாக்கணும்."

இம்மகோலாத்தா தோளிலிருந்த சால்வையைக் கையில் எடுத்துக் கசக்கினாள்.

கன்சீல்யா கைபேசியருகே போனாள். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் ரொட்டி போகும்.

"சாப்பிட்டேன் டாக்டரம்மா" என்றாள். "மொட்டைமாடியில, காயற போர்வைக்கு நடுவுல நின்னுக்கிட்டு. துணி மாட்டற கவ்விப் பையில கடை ரொட்டியை ஒளிச்சு வெச்சிருந்தேன். தினம் ரெண்டு துண்டு. ஒரு நாள்கூடத் தவறலை."

"அடிப்பாவி!" என்றாள் இம்மகோலாத்தா. "அதான் தினம் தினம் போர்வை துவைச்சியா? நான் உனக்குச் சுத்தக் கிறுக்குன்னுல்ல நெனச்சேன்!"

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரிப்பது வீடு முழுக்கக் கேட்டது. "அப்ப கிருமிதான் குற்றவாளி. போய் உக்காந்து சாப்பிடுங்க!"

இம்மகோலாத்தா சால்வையை உதறி, கன்சீல்யாவின் தலையில் போர்த்தினாள். போர்த்தும்போது முதுகில் ஒரு அடியும் வைத்தாள்.

முறைப்படி எல்லாரும் மேசையைச் சுற்றிப் பேசாமல் உட்கார்ந்தார்கள். சூசையப்பர் கோலால் தரையைத் தட்டினால் அந்தப் பண்டம் முடிந்தது. அப்புறம் யாரும் அதைத் தொடக்கூடாது. கன்சீல்யா வளைய ரொட்டியைப் பிய்த்தாள். தன் அடுப்பில் வெந்த ரொட்டி, ஐந்து மாதத்துக்குப் பிறகு எல்லார் கண்ணெதிரிலும். மெல்ல மெல்ல அழுகை முட்டியது. இரண்டாவது துண்டு, மூன்றாவது துண்டு. மேசையை ஆசீர்வதிக்க வந்திருந்த பங்குச் சாமியார் நேரமாகிறது என்று செருமினார். ஓரோன்ஸோ கோலை உயர்த்தினான்.

நாற்காலிக்குப் பின்னாலிருந்து இம்மகோலாத்தாவின் குரல் வந்தது.

"தட்டினே, கையை ஒடிச்சிருவேன். அவ சாப்பிடட்டும்."

உயர்ந்த கோல் உயர்ந்தபடியே நின்றது. கன்சீல்யா நாலாவது துண்டுக்குக் கை நீட்டினாள்.