வெள்ளையடிப்பு மாமா

திரையில் தன் முகத்தைப் பார்த்த பேருந்து ஓட்டுநர் அக்கா என் பக்கம் திரும்பினார். "இது யாரு தம்பி?" என்றார்.

கறுப்பின மக்கள் மீதான வெறுப்பைப் பற்றி எங்கள் தொலைக்காட்சிக்காக நான் எடுத்த ஆவணப்படம் அன்று மாலை ஒளிபரப்பாக வேண்டும். அதன் உயிரே இந்த அக்காதான். ஒரு கறுப்பினப் பெண் வண்டி ஓட்டுவதைப் பொறுக்காத பயணி ஒருவன் பாட்டிலை வீசியதில் அவர் நெற்றி கிழிந்தது. "புகார் குடுத்தா, நானே போய் கம்பியில இடிச்சிக்கிட்டேன்னுட்டாங்க. இனிமே யார்கிட்ட சொல்லி என்ன?" என்று பேசவே மறுத்தவரை, தழும்பைக் கேமரா காட்டும் என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தேன். இப்போது திரையில் தழும்பே இல்லை. முகம் வெளுத்து, வழுவழுவென்று, சோப்பு விளம்பரத்துக்குத் தயாராக இருந்தது.

படத்துக்கு நிறம் திருத்துபவரை நாங்கள் வெள்ளையடிப்பு மாமா என்போம். மனிதர் தங்கம், தானும் நல்ல கறுப்பு. ஆனால் எந்த முகம் வந்தாலும் கொஞ்சம் வெளுப்பேற்றி, மேடுபள்ளம் நிரவித்தான் அனுப்புவார். எங்கள் செய்தி வாசிப்பாளரைக் கடைத்தெருவில் பார்த்தால் அவர் மாமியாருக்கே அடையாளம் தெரியாது. அதற்காக இந்தப் படத்திலுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லா இருக்கட்டுமேன்னுதாம்மா செஞ்சேன்," என்றார் மாமா.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பொண்ண யாரும் அடிக்கலையே." அக்கா எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "என்னைப் படத்துல இருந்து எடுத்துடுங்க தம்பி."

"கொஞ்சம் இரும்மா," என்று மாமா அவசரமாகக் குமிழைத் திருப்பினார். முகம் மெல்லக் கறுத்தது. கன்னத்து மச்சம் வந்தது. புருவத்துக்கு மேலே தழும்பு, முதலில் வெறும் கோடாக, பிறகு தையல் புள்ளிகளோடு.

"இன்னும் கொஞ்சம்," என்றார் அக்கா, நின்றபடியே.

மாமா திருப்பினார்.

"போதும்." பை தோளிலிருந்து இறங்கியது. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. மாமா சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படத்தை முதலிலிருந்து ஓடவிட்டார்.

திரையில் இருந்த அக்கா பாட்டில் பறந்து வந்ததைச் சொல்லத் தொடங்கினார். நாற்காலியில் இருந்த அக்கா முன்னால் குனிந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் கதை கேட்பவரைப் போல, "ஆமா, ஆமா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.