மச்சினன் நட்ட கன்றுகள்

எங்கள் தீவில் மண் அரசாங்கத்துடையது, மரம்தான் ஆளுடையது. கடற்கரையில் யார் வைத்த தென்னை நிற்கிறதோ அவருக்கே அந்த இடம் என்று ஊர் ஒத்துக்கொள்ளும். சான்சிபாரின் கிழக்குக் கரையில் ஒரு துண்டு இடம் எனக்கு வந்தது அப்படித்தான். அங்கே நின்றதெல்லாம் என் அம்மா வைத்த மரங்கள்.

நான் கல் சுமக்கிறவன். இந்தக் கரையில் வரிசையாக நிற்கும் விடுதிகளில் பாதிக்கு அடியில் நான் இறக்கிய கல் கிடக்கிறது. ஒன்றில்கூட நான் படுத்ததில்லை.

என் மனைவி முவானைஷாவின் தம்பி ஷாமே வேறு மாதிரி. வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றி டால்பின் காட்டுவான். ஆமைகள் நீந்துகிற குகைக் குளத்துக்குக் கூட்டிப் போவான். நீர் வற்றினால் நடுக்கடலில் தலைகாட்டும் மணல் திட்டில் இறக்கிவிட்டு மாம்பழம் அறுத்துக் கொடுப்பான். சாயங்காலம் அவர்களை யாருடைய விடுதியிலாவது விட்டுவிட்டு எங்கள் வீட்டில் வந்து சாப்பிடுவான்.

ஒரு நாள் மரவள்ளிக்கிழங்கைப் பிட்டுக்கொண்டே பேச்செடுத்தான்.

"மச்சான், ஊரான் ஹோட்டலுக்கே எத்தனை நாளைக்குக் கல் தூக்குவே? உன் கரையில நாலு குடிசை போடு. நான் ஊர் சுத்திக் காட்டுறேன், ராத்திரி உன்கிட்ட வந்து படுக்கட்டும்."

"என் குடிசையில எவன்டா படுப்பான்?"

"உங்க குறட்டை கேக்காத தூரத்துல போட்டா எல்லாரும் படுப்பாங்க," என்றாள் முவானைஷா.

ஷாமே சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "மரத்தை மட்டும் எடுக்கணும். படுத்த இடத்துலேர்ந்து கடல் தெரியணும் அவங்களுக்கு. தேங்கா மண்டையில விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"அம்மா வெச்ச மரம்டா. அது நிக்கிறதாலதான் இடம் என்னுது."

"வேற கன்னு வெச்சுக்கலாம் மச்சான். அடிமரம் தூணுக்காச்சு, ஓலை கூரைக்காச்சு. நான் எங்க ஓடியா போறேன்?"

நானேதான் வெட்டினேன். குருத்தை அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பங்கு வைத்தோம். அடிக்கட்டை மணலில் துருத்திக்கொண்டிருந்தால் அசிங்கம் என்று ஷாமே சொன்னதால் அதையும் தோண்டி எடுத்தேன்.

மழை தொடங்கியபோது எனக்கு வடக்கே வேலை. திரும்பி வந்து பார்த்தால் கரையோரம் முழுக்கத் தென்னங்கன்றுகள். ஷாமே தனியாகக் குழி தோண்டி, உப்பும் சாம்பலும் போட்டு நட்டிருந்தான். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்களாம். "மச்சினன்னா இப்படி இருக்கணும்," என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவன் கைக் கொப்புளத்துக்கு முவானைஷா எண்ணெய் தடவியதைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. யார் நட்டது என்று கேட்டே இடத்தைப் பிரிக்கிற ஊரில் பிறந்தவன் நான். சொந்தத்துக்குள் அந்தக் கேள்வி வரும் என்று தோன்றவில்லை.

குடிசைகள் நன்றாகவே ஓடின. வாசல் பலகையில் முவானைஷாவின் பெயரை எழுதி வைத்தோம். அவள் தேங்காய்ப்பாலில் செய்த கணவாய்க் குழம்புக்காகவே இரண்டாம் தரம் வந்த இத்தாலிக்காரர்கள் உண்டு. நான் கல் சுமக்கப் போவதை நிறுத்தியிருந்தேன்.

அடுத்த மழை விட்டதும் எங்கள் ஊர்த் தலைவர் ஃபூம் வந்தார். கூட அளவு நாடாவோடு ஓர் ஆள். பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் ஷாமே. ஏதோ பெரிய விடுதிக்கு எங்கள் கரை வேண்டுமாம்.

"கோம்போ, இது யாரு இடம்?" என்றார் தலைவர்.

"என்ன பெரியவரே, தெரியாதவர் மாதிரி கேக்குறீங்க. எங்கம்மா மரம் நின்ன இடம்."

"நின்னுச்சு, சரி. இப்ப நிக்கிறது யாரு வெச்சது?"

நான் ஷாமேயைப் பார்த்தேன். அவன் கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைவர் முவானைஷா பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு தாயி. அல்லாஹ் மேல ஆணையா."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "தம்பிதான் வெச்சான்."

"உன் புருஷன் சொல்லி வெச்சானா?"

"அவரு அப்ப ஊர்லயே இல்ல."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தலைவர் எனக்காக வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். தலையை ஆட்டிவிட்டு, நாடாக்காரனை அளக்கச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு ஷாமே என் பக்கத்தில் வந்து நின்றான். "குடிசை உன்னுதுதான் மச்சான், பிரிச்சு எடுத்துக்க. காவலுக்கு ஒரு ஆள் கேட்டாங்க. வெளியாளை எதுக்கு வைக்கணும்னு உன் பேரைச் சொல்லியிருக்கேன்."

"எப்ப சொன்னே?"

"மழைக்கு முன்னாடியே," என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. படகைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

முவானைஷா என்னிடம் மெல்லச் சொன்னாள்: "வீட்டுக்குப் பக்கத்துல வேலை. முதுகு நோகாது."

"உனக்கும் மழைக்கு முன்னாடியே தெரியுமா?"

"அவன் என்கூடப் பொறந்தவன்," என்றாள். கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுக்கப் போனாள்.

மறுநாள் காலையில் கல் வேலைக்கு ஆள் ஏற்றுகிற லாரி வந்தது. பழைய கூட்டாளிகள் என்னைப் பார்த்ததும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

"நகருங்கடா, ஹோட்டல் முதலாளி வர்றாரு. மெத்தை விரிங்க," என்று ஒருவன் காலி சாக்கைத் தட்டிப் போட்டான்.

நான் அதன் மேல் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் வழக்கம்போல நலம் கேட்க ஆரம்பித்தார். எங்கள் பக்கம் யார் என்ன கேட்டாலும் முதலில் சுகம் என்றுதான் சொல்ல வேண்டும். சாவு வீட்டில்கூட அப்படித்தான்.

"உடம்பு?"

"சுகம்."

"வீட்டுல?"

"சுகம்."

"மச்சினன்?"

லாரியில் யாரும் சிரிக்கவில்லை. கிழவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திறக்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிரைவரைப் போகச் சொன்னார்.