பன்னிரண்டாம் கேள்வியில் ஞானசுந்தரி

கூடல்மலையில் ஐப்பசி முடிவதற்குள் பெயர் பெறாத கிளப்மாஸ் செடிகள் மலையிறங்கிவிட வேண்டும். பார்வைக்குப் பாசி, ஆனால் பாசி இல்லை, பூப்பதும் கிடையாது. பெயரை விட்டால் அவற்றுக்கு வேறு பிடிமானம் ஏது? இறங்கியவை கீழே வெயில் தாங்கியதில்லை. வகைப்பாட்டு அலுவலர் மாசிலாமணிக்கு இது தெரியும். அதனால் கடைசி வாரத்தில் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

கடைசி நாளில் ஒரே ஒரு செடி பாக்கியிருந்தது. தையல்காரி ஞானசுந்தரியின் கடை வாசலில், கல்சுவரில் முளைத்திருந்தது.

மாசிலாமணி செடிகளை அடையாளம் காணும் கையேட்டைப் பிரித்து, அதிலிருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். இலை ஒரே அளவா, இரண்டு அளவா? ஒரே அளவு. தண்டு படர்கிறதா? படர்கிறது. பதினோராவதில் நின்றுபோனார். நுனிக்கதிர் நிமிர்ந்திருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா? ஞானசுந்தரி வெளியே வந்தால் நிமிர்ந்தது. உள்ளே போனால் கவிழ்ந்தது. கவிழ்ந்த கதிருக்கு அந்த மலையில் பெயரே இல்லை. நான்கு முறை அவளைப் போய்வரச் சொன்னார்.

“இன்னும் எத்தனை தடவை சார்?”

“என் வீட்டுக்காரி ஒரு பிளவுஸுக்கு மூணு தடவை உங்ககிட்ட நடக்கலையா?”

“மூணு தடவையும் மூணு அளவு சொன்னது அவங்கதான்.”

ஒரே கதிர் இரு விதமாக இருந்தால், அதை மாற்றுவது எதுவோ அதையே கேள்வியாக்க வேண்டும் என்பது விதி. அவர் பன்னிரண்டாவதை எழுதினார். ஞானசுந்தரி அருகில் இருக்கிறாரா? இருந்தால் பெயர் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

அவள் எட்டிப் படித்தாள்.

“திருப்பூர்ல எம் பொண்ணுக்குத் தலைப்பிரசவம் சார். நாளைக்கு நான் அங்க நிக்கணும்.”

“நீங்க போனா இதுக்குப் பேர் போயிடும்மா.”

“போகலைன்னா அவ தனியா வலி தாங்கணும்.”

மாசிலாமணி கையேட்டைக் கடைசிவரை புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் புரட்டினார். ஒரு விதி கிடைத்தது. அடையாளத்துக்கு உதவிய எதற்கும் இரண்டு பிரதிகள் எடுக்கலாம். ஒன்று மலையில் இருக்க, மற்றதை வெளியூருக்கு அனுப்பலாம். எல்லா மாதிரிகளுக்கும் உள்ள வழக்கம்தான்.

“இங்க ரெண்டு கையெழுத்துப் போடுங்க.”

போட்டாள்.

மறுநாள் காலை, கடை வாசலில் வந்து நின்ற பஸ்ஸில் ஞானசுந்தரி ஏறினாள். கல்சுவரை ஒட்டி நின்ற ஞானசுந்தரி ஜன்னல் வழியாகப் பையைக் கொடுத்தாள்.

“லேகியம் மேலாக்க இருக்கு, கவுத்துடாதே. குழந்தை யார் சாயல்னு உடனே போன் போடு.”

“நம்ம சாயலாத்தான் இருக்கும்” என்றாள் போகிறவள்.