அக்கரையில் விழுந்த மண்குண்டுகள்

“எறிஞ்சதெல்லாம் எங்க போவுது நைனா?” என்று பழவேற்காடு ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்தில் ஆறு வயது ஜெயம்மா கேட்டாள். அவள் அப்பா தாமோதரன் வலையை உதறிக் காயப்போட்டான். வடக்கே பள்ளிவாசல் இடிக்கப்பட்ட ஆண்டின் மார்கழியில், படகுத் தச்சர் மீரான் பாயின் வீட்டின்மேல் எறியப்பட்ட எதுவும் அங்கே விழவில்லை. கூரைக்கு ஒரு முழம் மேலே போய் மறைந்தது. அந்த வாரம் இறால் விலை சற்று இறங்கியிருந்தது.

பழவேற்காட்டு மணலில் கல் கிடையாது. டச்சுக்காரர் கல்லறைகளில் உண்டு. அவற்றை எட்டுப் பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. எனவே கொடி கட்டிய வேனில் வந்த பேச்சாளர், இந்தத் தேசம் நமக்கு மட்டுமே என்று முழங்கியபோது, வாலிபர்கள் வலையின் அடிக்கயிற்றில் கட்டும் சுட்ட மண்குண்டுகளை அவிழ்த்து எறிந்தார்கள். சுடுவதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் தன் குண்டில் ஓர் அடையாளம் பதிக்கும். தாமோதரன் வீட்டுடையது மூன்று நகக்கீறல். அது அப்போது யார் நினைவுக்கும் வரவில்லை.

தாமோதரனின் அண்ணன் குப்பன் முந்தின ஆடிக் காற்றில் இயந்திரம் பழுதாகி, அக்கரை நாட்டில் கரையொதுங்கி, துறைமுகக் கொட்டடியில் அடைபட்டிருந்தான். அங்கே இந்திய மீனவர்மேல் கல்வீச்சு என்று தையில் செய்தித்தாள் எழுதியது. பேச்சாளர் மறுபடி வந்தார். பதிலுக்கு இரண்டு மடங்கு எறிந்தார்கள். மறுநாள் அக்கரையிலும் இரண்டு மடங்கு விழுந்தது. இரு நாட்டுக் கடற்படைகளும் கப்பல்களை முன்னே நகர்த்தின.

மாசியில் ஒரு கப்பல் சிப்பந்தி மூலம் குப்பனின் மனைவி இருசம்மாளுக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே மூன்று நகக்கீறலோடு ஒரு மண்குண்டும் ஒரு சீட்டும். ‘தெனம் இதுதான் தலையில விழுது. நம்ம வூட்டுது.’

அவள் நேராக மீரான் பாய் வீட்டு முன்னால் கூடியிருந்த கூட்டத்துக்குப் போனாள்.

“இன்னாப்பா தாமோதரா, உங்க அண்ணன் மண்டைய ஒடச்சது யாருன்னு பாக்குறியா?”

“எவனோ கட்டிவுட்ட கதை அண்ணி.”

“அப்ப இத்தயும் எறி. நல்லா ஓங்கி எறி. அறுக்கப்போற தாலி என்னுதுதான?”

தாமோதரன் குண்டை வாங்கி மூன்று கீறலையும் விரலால் தடவினான்.

“இன்னாண்ணே, எறியலயா?” என்று ஒருவன் சிரித்தான்.

“உன் கையில கீற குண்ட பாத்துட்டு அப்பால சிரி.”

எல்லாரும் தங்கள் குண்டிலிருந்த வீட்டு அடையாளத்தைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். தாமோதரன் குண்டை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

இருசம்மாள் மறுநாள் மடவைக் கருவாட்டைப் பொட்டலம் கட்டி அதே கூரைமேல் எறிய வந்தாள். மீரான் பாயின் மனைவி கதீஜா வெளியே வந்து, “இரு, எலுமிச்ச ஊறுகா வச்சுத் தரேன், வெறும் கருவாட்ட மனுசன் எப்டித் தின்னுவாரு?” என்றாள். பொட்டலம் மறைந்தது. அதன்பிறகு வாரந்தோறும் இரு பெண்களும் எறிந்தார்கள். பங்குனியில் கப்பல்கள் திரும்பின. பெரியவர்கள் எந்த மேசையில் என்ன பேசினார்கள் என்பது தெரியாது. சின்னக் கைகளிலும் ஆண்டவன் வேலை வைக்கிறான் என்பது மட்டும் தெரியும்.

குப்பன் வைகாசியில் சற்றுப் பெருத்து வந்து சேர்ந்தான். கல்வீச்சு மிகுந்த நாளில், அங்கே கூட்டிப் பெருக்க வந்த ஒரு பெண் தன் முறத்தை அவன் தலைமேல் பிடித்து நின்றிருந்தாள். அவள் முழங்கை உடைந்தது. பேர் கேட்க அவனுக்கு மொழி தெரியவில்லை. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல், மீரான் பாய் குடும்பம் தொழுகையிலும் குப்பம் முழுதும் ஏரியிலும் இருந்த நேரத்தில், குப்பன் ஒரு புது நீலச் சேலையை மடித்து அந்தக் கூரைமேல் எறிந்தான். சேலை கீழே வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் ஏரிக்குப் போனான்.